கூலி எங்கே தீர்மானமாகிறது? ஆர்தர் லூயிஸும் உபரி உழைப்பும்

1954-இல் வெளிவந்த ஒரு பொருளாதாரக் கட்டுரையில் இப்படி ஒரு செய்தி வருகிறது. அதற்கு முந்தைய 75 ஆண்டுகளில் கரும்புச் சர்க்கரைத் தொழிலில் ஏக்கருக்கான விளைச்சல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. உலகின் வேறு எந்தப் பெரிய தொழிலும் அந்த வேகத்தில் முன்னேறவில்லை. கோதுமை கிட்டேகூட வரவில்லை. ஆனாலும் கரும்புத் தொழிலாளி வெறுங்காலோடுதான் நடக்கிறார், குடிசையில்தான் இருக்கிறார். கோதுமை விளைவிக்கிறவரோ உலகின் மிக வசதியான உழைப்பாளிகளில் ஒருவராக இருக்கிறார்.

கரும்பு வெட்டுகிறவர் குறைவாக உழைக்கவில்லை. அவருடைய தொழிலும் தேங்கி நிற்கவில்லை. பிறகு ஏன் இந்த நிலை? கட்டுரையை எழுதிய ஆர்தர் லூயிஸ் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். அந்த விடைக்காகத்தான் பிற்பாடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கிற எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே 'லூயிஸ் மாதிரி' (மாடல்) என்று ஒரு வரைபடத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். விவசாயத்தில் ஆள் மிதமிஞ்சி இருக்கிறார்கள், அவர்களைத் தொழிற்சாலைக்கு மாற்றினால் நாடு வளரும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அது பாதிதான். ஏழையின் கூலி எந்த இடத்தில் தீர்மானமாகிறது என்கிற மறுபாதியை, அவர் வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். எனக்கு அந்த மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது.

தீவிலிருந்து மான்செஸ்டருக்கு

லூயிஸ் 1915 ஜனவரி 23 அன்று கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில், காஸ்ட்ரீஸ் நகரத்தில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. பெற்றோர் ஆன்டிகுவா தீவிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர்கள். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். ஐந்து பிள்ளைகளையும் அம்மாதான் தனியாக வளர்த்து ஆளாக்கினார். காஸ்ட்ரீஸ் அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ளும் துறைமுகம். கரியைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கப்பலில் ஏற்றியவர்களில் பெண்கள் ஏராளம். துறைமுகத்தை விட்டால் கரும்புத் தோட்டம். பிழைப்புக்கு அங்கே வேறு வழி அதிகமில்லை.

பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார். உதவித்தொகைத் தேர்வு எழுத வயது போதவில்லை என்பதால் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 1932-இல் உதவித்தொகை கிடைத்தது. பொறியியல் படிக்கத்தான் ஆசை. ஆனால் காலனி அரசும் சரி, கரும்புத் தோட்ட முதலாளிகளும் சரி, கறுப்பினப் பொறியாளருக்கு வேலை தர மாட்டார்கள். அதனால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வணிகவியல் சேர்ந்தார். பொருளாதாரம் என்றால் என்னவென்றே அப்போது தெரியாது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். 1938-இல் அதே நிறுவனத்தில் உதவி விரிவுரையாளர் ஆனார். அங்கே பாடம் நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர். 1948-இல், 33 வயதில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஊரில் தீப்பற்றிக்கொண்டிருந்தது. 1935 முதல் 1938 வரை செயின்ட் கிட்ஸ், செயின்ட் வின்சென்ட், பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா என்று தீவுக்குத் தீவு தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். 1939-இல் லூயிஸ் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இருநூறு ஆண்டுகள் அடிமைகளிடம் கூலியில்லாமல் வேலை வாங்கிய கடன் பிரிட்டனுக்கு இருக்கிறது என்று அதில் வாதிட்டார். அப்போது அவருக்கு வயது 24. கூலி என்பது அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி இல்லை.

பாங்காக்கில் விளங்கிய கணக்கு

மான்செஸ்டரில் பாடம் நடத்தியபோது இரண்டு கேள்விகள் அவரை விடாமல் தொந்தரவு செய்தன. ஒன்று, எஃகோடு ஒப்பிட்டால் காபி ஏன் இவ்வளவு மலிவு? இரண்டாவது, இங்கிலாந்தில் தொழிற்புரட்சி நடந்தபோது முதல் ஐம்பது ஆண்டுகள் லாபமும் சேமிப்பும் ஏறிக்கொண்டே போக, கூலி மட்டும் ஏன் அசையவில்லை? அன்றைய பாடப்புத்தகப்படி உழைப்பாளிகளின் எண்ணிக்கை ஓர் அளவுக்குட்பட்டது. முதலாளிகள் ஆள் தேடத் தேடக் கூலி ஏறியாக வேண்டும். நடந்ததோ வேறு.

1952 ஆகஸ்டில் ஒருநாள் பாங்காக்கில் ஒரு சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று சட்டென்று தோன்றியதாம். உழைப்பாளிகள் ஓர் அளவுக்குட்பட்டவர்கள் என்ற அனுமானத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் போதும். நிலவுகிற கூலிக்கு எத்தனை பேர் கேட்டாலும் வரத் தயாராக இருக்கிறார்கள் என்றால், காபியும் மலிவாகத்தான் இருக்கும், முதலாளியின் லாபமும் பெருகத்தான் செய்யும்.

இதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். நான்கு ஏக்கர் நிலம், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 80 மூட்டை விளைகிறது. ஆளுக்குப் பத்து மூட்டை. அந்த நிலத்துக்கு உண்மையில் ஐந்து பேர் போதும். மீதி மூன்று பேர் சும்மா இருப்பதில்லை. இருக்கிற வேலையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று பேர் ஊரை விட்டுப் போனாலும் விளைச்சல் 80-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் வீட்டில் இருக்கும்வரை அவர்களுக்கும் தலைக்குப் பத்து மூட்டை உண்டு. குடும்பம் யாரையும் வேலையை விட்டு நீக்காது. இந்த மூன்று பேர்தான் உபரி உழைப்பு.

இப்போது பக்கத்து நகரத்தில் ஒரு ஆலை வருகிறது. ஆள் வேண்டும். என்ன கூலி தந்தால் வருவார்கள்? பத்து மூட்டை மதிப்புக்குக் குறைந்தால் யாரும் வர மாட்டார்கள். ஊரை விட்டு வருகிற சிரமம், நகரத்து வாடகை, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும். லூயிஸ் இந்த வித்தியாசத்தைச் சுமார் 30 விழுக்காடு என்று வைத்தார். ஆக, பதின்மூன்று மூட்டை மதிப்புள்ள கூலி. ஆலைக்குள் அந்தத் தொழிலாளி 30 மூட்டை மதிப்புக்கு உற்பத்தி செய்யலாம், புது இயந்திரம் வந்த பிறகு 60 மூட்டை மதிப்புக்குச் செய்யலாம். கூலி பதின்மூன்றிலேயே நிற்கும். ஏனென்றால் அதே கூலிக்கு வரக் கிராமத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். மிச்சமெல்லாம் லாபம். முதலாளி அந்த லாபத்தைத் திரும்பவும் ஆலையில் போட்டால் இன்னும் பலருக்கு வேலை கிடைக்கும், லாபம் இன்னும் பெருகும்.

தேச வருமானத்தில் 4, 5 விழுக்காடு மட்டுமே சேமித்த ஒரு சமூகம் 12, 15 விழுக்காடு சேமிக்கும் சமூகமாக எப்படி மாறுகிறது என்பதுதான் வளர்ச்சிப் பொருளாதாரத்தின் மையக் கேள்வி என்று லூயிஸ் சொன்னார். அந்தச் சேமிப்பு லாபத்திலிருந்து வருகிறது, லாபம் பெருகுவது கூலி நகராமல் இருப்பதால். கசப்பான கணக்குதான். அவர் அதை மறைக்கவில்லை. அது நல்லது என்றும் சொல்லவில்லை, இப்படித்தான் நடக்கிறது என்றார்.

உபரி உழைப்பு வயலில் மட்டும் இல்லை என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் இறங்கியதும் பெட்டியைத் தூக்க ஓடிவரும் இளைஞர்கள், கூப்பிட்டால் வந்து தோட்டவேலை செய்பவர், சின்னச் சாமான்களை விற்கும் சில்லறை வியாபாரிகள், வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இவர்களில் பாதிப்பேர் விலகினாலும் அந்த வேலைகள் நடந்துவிடும். பிழைப்புக்கு வேறு வழி இல்லாததால் ஒரே வேலையைப் பலர் கூறுபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஓட்டம் எப்போது நிற்கும்? கிராமத்தில் உபரி ஆட்கள் தீர்ந்த பிறகு. அடுத்து ஒரு ஆளை எடுத்தால் வயலில் விளைச்சல் குறையும், சோற்றின் விலை ஏறும், கூலியை ஏற்றாமல் முதலாளிக்கு வேறு வழி இருக்காது. இந்தக் கட்டத்தை 'லூயிஸ் திருப்புமுனை' என்கிறார்கள். ஜப்பான் 1960-ஐ ஒட்டி இதைத் தாண்டியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். சீனாவின் முத்து ஆற்றுக் கழிமுகத் தொழிற்சாலைகளில் 2004 வாக்கில் ஆள் தட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்ததும், சீனா அந்த இடத்துக்கு வந்துவிட்டதா என்று பெரிய விவாதமே நடந்தது.

தேயிலைக்கும் ரப்பருக்கும் வருவோம்

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மேலே சொன்னதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் லூயிஸ் அதே கட்டுரையின் பிற்பகுதியில் கணக்கை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்.

அதை எளிய எண்களில் பார்க்கலாம். குளிர்ப் பிரதேச நாட்டில் ஒருவர் ஒருநாள் உழைத்தால் 3 படி தானியம் விளைவிக்கலாம், அல்லது 3 கிலோ எஃகு செய்யலாம். வெப்பப் பிரதேச நாட்டில் ஒருநாள் உழைப்புக்கு 1 படி தானியம், அல்லது 1 கிலோ ரப்பர். அப்படியானால் 1 கிலோ ரப்பர் 1 படி தானியத்துக்குச் சமம், 1 கிலோ எஃகுக்கும் சமம்.

தோட்டத்தில் நல்ல ரகம் நடுகிறார்கள். ஒருநாள் உழைப்பில் 3 கிலோ ரப்பர் கிடைக்கிறது. கூலி கூடுமா? கூடாது. வெளியே தன் வயலில் போராடும் ஆள் இன்னமும் நாளுக்கு 1 படிதான் விளைவிக்கிறார். அதற்குச் சமமான கூலி கொடுத்தாலே தோட்டத்துக்கு ஆள் வரும். இப்போது 3 கிலோ ரப்பர் 1 படி தானியத்துக்குச் சமம். அதாவது ரப்பர் விலை மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. முன்னேற்றத்தின் பலன் மொத்தமும் ரப்பரை வாங்குகிற நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்பில் நடந்தது இதேதான்.

இப்போது மாற்றிப் பாருங்கள். ரப்பரில் ஒன்றும் மாறவில்லை. வெப்பப் பிரதேச விவசாயியின் சொந்த வயலில், தானிய விளைச்சல் 1 படியிலிருந்து 3 படியாகிறது. இனி 3 படிக்குக் குறைவாகக் கொடுத்தால் யாரும் ரப்பர் மரத்தைக் கீற வர மாட்டார்கள். ரப்பர் விலை மூன்று மடங்கு ஏறும், கூலியும் மூன்று மடங்கு. தோட்டத் தொழிலாளியின் கூலியைத் தீர்மானிப்பது தோட்டமே இல்லை. தோட்டத்துக்கு வெளியே, வீட்டுச் சோற்றுக்காக உழப்படும் நிலம்தான் தீர்மானிக்கிறது. லூயிஸின் மொத்த உழைப்பிலும் எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்ல இடம் கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்பதையும் அவரே வெளிப்படையாக எழுதினார். கூலி வயலில் தீர்மானமாகிறது என்றால், வயல் செழிக்காமல் இருப்பதில் தோட்ட முதலாளிக்கு நேரடி லாபம் உண்டு. விவசாயிக்குப் புது விதையும் புது முறையும் போய்ச்சேர அரசு பணம் செலவழிக்க வேண்டும் என்று அந்த முதலாளி வாதாட மாட்டார். நிலமற்றவருக்கு நிலம் கொடுக்கும் திட்டத்தை ஆதரிக்க மாட்டார். பல இடங்களில் விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றியதே இந்த முதலாளிகள்தான். ஆப்பிரிக்காவில் காலனி அரசுகள் நிலத்தைப் பிடுங்கின, கட்டாய வேலை வாங்கின, தலைவரி போட்டு ஆட்களைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் தள்ளின. உபரி உழைப்பு தானாக உருவான இடங்களும் உண்டு, திட்டமிட்டு உருவாக்கிய இடங்களும் உண்டு.

பிற்காலத்தில் இதே கருத்தை வரலாற்றோடு சேர்த்து 1978-இல் வந்த ஒரு சிறு நூலில் விரித்துச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டு பெரிய மனிதப் பெயர்ச்சிகள் நடந்தன. ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற குளிர்ந்த நாடுகளுக்குப் போனார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஏறக்குறைய அதே அளவு மக்கள் வெப்பப் பிரதேசத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிமார் அழைத்துப்போன நம் ஆட்கள் இந்த இரண்டாவது வரிசையில் வருகிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப் போட்ட பஞ்சத்தை நினைத்துப் பார்த்தால், என்ன கூலிக்கும் கப்பலேற ஏன் ஆள் கிடைத்தது என்பது புரியும்.

1880-களில் தோட்டக் கூலி நாளுக்கு 1 ஷில்லிங். ஆஸ்திரேலியாவில் கட்டட வேலை செய்த சாதாரணத் தொழிலாளிக்கு 9 ஷில்லிங். லூயிஸ் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஐரோப்பியத் தொழிலாளியின் ஊரில் விவசாயம் முன்னேறியிருந்தது. பிரிட்டனில் 1900 வாக்கில் ஏக்கருக்கு 1,600 பவுண்டு கோதுமை, வெப்பப் பிரதேசத்தில் 700 பவுண்டு தானியம். அதனால் அவர் குறைந்த கூலிக்குக் கப்பலேற மாட்டார். தேயிலை குளிர்ப் பிரதேசப் பயிராக இருந்திருந்தால் அதன் விலை நான்கு மடங்கு இருந்திருக்கும், கம்பளி வெப்பப் பிரதேசத்துச் சரக்காக இருந்திருந்தால் கால்வாசி விலைக்குக் கிடைத்திருக்கும் என்று எழுதினார். குளிர்ந்த நாடுகள் ஆசியர்கள் உள்ளே வராதபடி சட்டம் போட்டன என்பதும் இதோடு சேர்ந்த கதை. ஆஸ்திரேலியாவில் அந்தச் சட்டம் 1901-இல் வந்தது. இரண்டு கூலியும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை.

கானாவில்

அறிவுரை சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1953-இல், இன்னும் கோல்ட் கோஸ்ட் என்றே அழைக்கப்பட்ட கானாவுக்குத் தொழில்மயமாக்கல் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். எந்தத் தொழில் அங்கே நிலைக்கும், எது நிலைக்காது என்று தொழில் தொழிலாக அலசினார். முடிவில் முதல் இடத்தைக் கொடுத்தது தொழிற்சாலைக்கு அல்ல. உள்நாட்டில் உணவுப் பயிர் விளையும் முறையை மாற்றுங்கள், விளைச்சலைக் கூட்டுங்கள், அடுத்து பொதுச் சேவைகளைச் சரிசெய்யுங்கள், தொழில் அவற்றின் மேல் எழும் என்றார். 'ஆட்களை ஆலைக்கு மாற்றச் சொன்னவர்' என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ரப்பர் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இருக்காது.

1957 மார்ச்சில் கானா விடுதலை பெற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் லூயிஸ் பிரதமர் க்வாமே என்க்ருமாவின் பொருளாதார ஆலோசகராகப் போனார். 1958 முடிவதற்குள் பதவியை விட்டு விலகினார். ஐந்தாண்டுத் திட்டத்தில் எதற்கு எவ்வளவு பணம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெயருக்காகச் செய்யும் பெரிய திட்டங்களில் பணம் கரைகிறது, கிராமத்துக்குத் தண்ணீரும் விவசாயமும் பின்னுக்குப் போகின்றன என்பது லூயிஸின் குறை. பொருளாதாரமாகப் பார்த்தால் உங்கள் யோசனை சரி, ஆனால் நான் அரசியல்வாதி, எதிர்காலத்தின் மேல் பந்தயம் கட்டியாக வேண்டும் என்ற பொருளில் என்க்ருமா பதில் எழுதினார். புதிதாக விடுதலை பெற்ற நாட்டுத் தலைவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வழக்கில் என் ஓட்டு லூயிஸுக்குத்தான். 1965-இல் மேற்கு ஆப்பிரிக்க அரசியல் பற்றி எழுதிய நூலில், பல இனங்கள் வாழும் நாட்டுக்கு ஒற்றைக் கட்சி ஆட்சி பொருந்தாது, எல்லாத் தரப்பும் பங்கேற்கும் கூட்டணி ஆட்சிதான் பொருந்தும் என்று அவர் வாதிட்டது கானா அனுபவத்துக்குப் பின்னால் வந்ததுதான்.

பிறகு வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1963 முதல் பிரின்ஸ்டனில் பேராசிரியர். நடுவில், 1970 முதல் 1973 வரை கரீபியன் வளர்ச்சி வங்கியின் முதல் தலைவர்.

எங்கே இடிக்கிறது?

உபரி உழைப்பு என்ற கருத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான தியோடர் ஷுல்ட்ஸ். 1918-19 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விவசாயத்தில் ஆட்கள் உண்மையிலேயே மிதமிஞ்சி இருந்திருந்தால் சாகுபடி குறைந்திருக்கக் கூடாதே, ஏன் குறைந்தது என்று கேட்டார் ஷுல்ட்ஸ். அவருடைய புள்ளிவிவரத்தை அமர்த்தியா சென் கேள்விக்குள்ளாக்கினார். லூயிஸோ, விளைச்சல் துளிகூடக் குறையாது என்பது தன் வாதத்துக்குத் தேவையே இல்லை, நிலவுகிற கூலிக்கு வேண்டிய ஆட்கள் வருகிறார்களா என்பதுதான் கேள்வி என்றார். 1979-இல் பொருளாதார நோபல் பரிசை லூயிஸுக்கும் ஷுல்ட்ஸுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள்.

அதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு என்பது என் கருத்து. லாபம் அதே நாட்டில் திரும்ப முதலீடு ஆக வேண்டும். அது வெளிநாட்டுக்குப் போனாலோ, ஆளே தேவைப்படாத இயந்திரத்தில் போனாலோ இந்தச் சக்கரம் சுற்றாது. 1950-இல் லூயிஸ் வெஸ்ட் இண்டீஸ் தீவுகளுக்கு வெளிநாட்டு முதலாளிகளை வரவழைக்கச் சொன்னார். வந்த நிறுவனங்கள் கொடுத்த வேலையும் குறைவு, விட்டுச்சென்ற லாபமும் குறைவு என்று அடுத்த தலைமுறைக் கரீபியன் பொருளாதார அறிஞர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்புறம், ஆலை வேலை கிடைக்கும் என்று நம்பி நகரத்துக்கு வந்தவர்கள் அங்கேயே வேலையில்லாமல் தேங்கிப்போவதை 1970-இல் ஹாரிஸும் டொடாரோவும் தங்கள் கட்டுரையில் விளக்கினார்கள். லூயிஸின் படத்தில் அந்தத் தேக்கத்துக்குப் போதிய இடம் இல்லை.

இந்தியாவைப் பார்த்தால் இந்த இரண்டு சிக்கலும் சேர்ந்தே தெரிகின்றன. உழைப்பாளிகளில் சுமார் 45 விழுக்காட்டினர் இன்னும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். தேச வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, விவசாயத்தில் இருக்கும் உழைப்பாளிகளின் பங்கு 2018-19-இல் 42.5 விழுக்காடாக இருந்து, கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2019-20-இல் 45.6 ஆக ஏறியது. லூயிஸ் வரைந்த பாதையில் ஆட்கள் பின்னோக்கி நடந்தார்கள். வயலை விட்டு வருகிறவர்களிலும் பெரும்பகுதியினர் ஆலைக்குப் போவதில்லை. கட்டட வேலை, காவல் வேலை, வீட்டு வேலை, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் வேலை என்று போகிறார்கள். துறைமுகத்தில் பெட்டி தூக்க ஓடிவந்த இளைஞர்கள் இருந்த அதே கணக்கில்தான் இவர்களும் வருவார்களா, அல்லது இந்த வேலைகளிலிருந்தும் லாபமும் முதலீடும் பெருகிக் கூலி ஏற வழி உண்டா என்பதுதான் வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்குள் இன்று நடக்கிற சண்டை. ஒன்று மட்டும் மாறவில்லை. பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு ஏக்கரில் என்ன விளைகிறது, அதில் ஒரு ஆளுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே ஆயிரம் மைல் தள்ளி ஒரு பனியன் ஆலையின் வாசலில் பேசப்படும் கூலி இன்றைக்கும் அமைகிறது.